நெகட்டிவ் உங்களிடம், பெயர்கள் என்னிடம்

தமிழ் நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. 1986 முதல் 2018 வரை 32 வருடம் உங்கள் பக்கங்களுக்குப் படம் எடுத்தேன். அவற்றில் முக்கால்வாசி 'படம்: நமது நிருபர்' என்று வந்ததால் தெரியாததில் வியப்பில்லை. தஞ்சாவூரில் ஆரம்பித்து, திருச்சி, நாகப்பட்டினம் என்று சுற்றிவிட்டுக் கடைசிப் பத்து வருடம் சென்னையில் இருந்தேன். நான்கு பத்திரிகைகள். எவை என்று எழுதப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றும் தங்களுக்கில்லை என்று இருந்துவிடும்.

இதை எழுதவைத்தது ஒரு போன். சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் தம்பி ஒருவர் கூப்பிட்டார். பழைய கட்டடத்தைக் காலி செய்கிறார்களாம். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் பதினெட்டோ இருபதோ சாக்கு மூட்டை நிறைய நெகட்டிவ் கிடக்கிறதாம்.

"எதுலயும் ஒண்ணும் எழுதல சார். ரோல் நம்பர் மட்டும் இருக்கு. யாரு, எந்த ஊருன்னு தெரியல. எடைக்குப் போட்டுடலாம்னு அட்மின்ல சொல்றாங்க. உங்க காலத்து ரோலா இருக்குமோன்னுதான் கேட்டேன்."

ஒரு நம்பர் சொல்லச் சொன்னேன். 'த/88/11' என்றார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். 'த' என்றால் தஞ்சாவூர். 1988-ல் பதினோராவது ரோல். ஒன்று முதல் ஆறு வரை திருவையாறு ஆராதனை, பந்தலுக்கு வெளியே கடலை வறுக்கிறவர், அவர் பெயர், அவர் ஊர். ஏழு முதல் பத்தொன்பது வரை பூதலூர் பக்கம் ஒரு பாசனச் சங்கக் கூட்டம், இடமிருந்து வலமாக ஐந்து பேர். மிச்சம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்கள். படித்துக்கொண்டே போனேன். "இருங்க சார், பேனா எடுத்துக்கறேன்" என்றார் தம்பி.

விஷயம் இவ்வளவுதான். நெகட்டிவ் உங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பவர்களின் பெயர்கள் என்னிடம், 41 பாக்கெட் நோட்டுகளில் இருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து கிடந்தால் இரண்டுக்கும் மதிப்பில்லை. இதைச் சொல்வதற்கு ஒரு தபால் அட்டை போதும். ஆனாலும், பெயர்கள் எப்படித் தொலைகின்றன என்பதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தவன். தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸ்டுடியோக்காரர். கல்யாணம், காதுகுத்து, பிணம் எல்லாம் எடுப்பார். பத்திரிகைக்கும் எடுத்து அனுப்புவார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ரோல் வாங்கக் கட்டுப்படியாகாது. 100 அடி ஆர்வோ பிலிம் டப்பா வாங்கி, இருட்டறையில் இரண்டு கையையும் விரித்த அளவுக்கு வெட்டிப் பழைய கேசட்டுகளில் சுற்றிவைப்போம். ஒரு டப்பாவுக்கு 18 ரோல் தேறும். கை ஓட்டத்தில் ஒரு ஃபிரேம் கூடுதலாக அடித்துவிட்டால் அண்ணன் முகம் மாறும். ஆனால் ஃபிரேமை வீணாக்கியதற்கு அவர் என்னைத் திட்டியதில்லை. பெயர் கேட்காமல் வந்ததற்குத்தான் திட்டுவார். "பேரு இல்லாத ரோல நான் கழுவ மாட்டேன். போயி கேட்டுக்கிட்டு வா." ஒரு தடவை பட்டுக்கோட்டைக்குத் திரும்ப அனுப்பினார், என் செலவில். கொட்டகை தீப்பிடித்த வீட்டுக்காரரின் பெயருக்காக. பஸ்ஸில் போகும்போது அவரைச் சபித்துக்கொண்டே போனேன்.

நோட்டில் பென்சிலால் எழுதச் சொன்னதும் அவர்தான். பேனா மை மழையில் கரையும், வியர்வையில் கலங்கும். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும். ஐப்பசி மழையில் இரண்டு முறை ஆற்றில் நனைந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பெயர்கூடப் போகவில்லை.

பிரின்ட் போட்டதும் பின்னால் கோந்து தடவி ஒரு சீட்டு ஒட்டுவோம். அதில் இடம், தேதி, இடமிருந்து வலமாகப் பெயர்கள், ரோல் நம்பர் இருக்கும். சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர் கையில் கவர் போய்விடும். அங்கே யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு நடப்பதைத் திருச்சி அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பின்பக்கச் சீட்டைப் பிய்த்து, எழுத்துக் கோக்கும் கம்போசிங்குக்குக் கொடுப்பார்கள், படம் அச்சுக்கு ப்ளாக் எடுக்கும் இடத்துக்குப் போகும். மறுநாள் சீட்டு குப்பையில் கிடக்கும், படம் ஒரு பெட்டியில் விழும். அவ்வளவு சுலபமாகத்தான் பெயர் கழன்று விழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

அச்சில் வந்த கேப்ஷனிலாவது மிஞ்சியதா? இரண்டு பத்தி அகலப் படத்துக்கு இரண்டு வரிதான் இடம். அமைச்சர் பெயர், கலெக்டர் பெயர், மாவட்டச் செயலாளர் பெயர் எழுதியதும் இடம் தீர்ந்துவிடும். மற்றவர்கள் 'பொதுமக்கள்' ஆகிவிடுவார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு வேட்டி கொடுக்கும் படத்தில் கொடுக்கிறவருக்குப் பெயர் உண்டு, வாங்குகிறவர் 'பயனாளி'. நான் ஒன்பது பெயர் எழுதி அனுப்பினால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று அவர் பெயராக இருக்காது.

பெயர் போனால் அதற்கடுத்து என்ன போகும் என்பதற்கு ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன்.

காவிரியில் தண்ணீர் வராத ஓர் ஆடிப்பெருக்கு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்கு நேரே மணலில் ஓர் அம்மாள் உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார். ஓர் அடிக்குக் கீழே ஊற்று கசிந்தது. அந்தக் கையகல நீருக்கு மஞ்சள் பூசி, காதோலை கருகமணி போட்டு, காப்பரிசி படைத்துக் கும்பிட்டார். எனக்குப் பிடித்த படங்களில் அது ஒன்று. 'வறண்ட காவிரியில் ஊற்று பறித்து ஆடிப்பெருக்கு வழிபாடு' என்று சரியாகத்தான் முதல் நாள் வந்தது. பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அடுத்த கோடையில் அதே படம் 'குடிநீருக்காக ஊற்று தோண்டும் பெண்' என்று வந்தது. கீழே 'கோப்புப் படம்' என்று ஒரு சொல். பிறகு மணல் கொள்ளைக் கட்டுரைக்குப் போட்டார்கள். ஒரு மே மாதத்தில் 'சுட்டெரிக்கும் வெயில்'. மஞ்சளும் கருகமணியும் ஓரத்தில் இருந்ததால் வெட்டி எறிவது எளிதாகிவிட்டது. ஒருநாள் அந்த அம்மாளின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். சத்தம் போடவில்லை. "எங்க வீட்டுல ரெண்டு போர் இருக்கு சார். எங்கம்மா தண்ணிக்கு அலையுறாங்கன்னு போட்டிருக்கீங்க. சம்பந்தி வீட்டுல கேக்குறாங்க, நாங்க என்ன பதில் சொல்றது?" அன்று டெஸ்க்கில் இருந்தவர் மறுப்பு போடலாமா என்று கேட்டார். என்னவென்று போடுவது? 'அந்த அம்மாளுக்குத் தண்ணீர் இருக்கிறது' என்றா?

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை என்பது பின்னால் தெரிந்தது. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லேஞ்ச் ஒரு தாயைப் படமெடுத்தார். தோளில் இரண்டு குழந்தைகள் முகம் திருப்பிக்கொள்ள, கன்னத்தில் கை வைத்திருக்கும் அந்தத் தாயின் படம் உங்களில் பலருக்கு மனப்பாடம். லேஞ்ச் அவர் பெயரைக் கேட்கவில்லை, வயதை மட்டும் குறித்துக்கொண்டார். 32. பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். அந்தப் படத்தை எடுக்காமலேயே இருந்திருக்கலாம் என்று அவர் கசந்து பேசினார். காரின் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லேஞ்ச் எழுதியதையும் அந்தக் குடும்பம் மறுத்தது. உலகத்தில் அதிகம் அச்சான படங்களில் ஒன்றின் கதை அது. படித்தபோது திருவையாற்று வாத்தியாரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இனி என் கணக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பஸ் விபத்து. இறந்தவர்களின் படம் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இந்த வேலையைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. சாவு வீட்டுக்குள் போய், அழுகிறவர்களைத் தாண்டி, சுவரில் மாட்டியிருப்பதையோ ஆல்பத்தில் ஒட்டியிருப்பதையோ கேட்டு வாங்கிவர வேண்டும். ஒரு வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பையன். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் இருந்தது. அவனுடைய அத்தை சட்டமிட்ட சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா குடுத்துருவீங்கல்ல தம்பி?" கொடுத்துவிடுவேன் என்றேன். மறுநாள் படம் தபால்தலை அளவில் அச்சானது. அதற்கடுத்த நாள் டெஸ்க்கில் கேட்டேன், தேடினேன், ப்ளாக் பிரிவில் குனிந்து தரையெல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அச்சான பத்திரிகைப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். புள்ளி புள்ளியாக, மூக்கும் வாயும் கலங்கிய ஒரு முகம். அத்தை காபி கொடுத்தார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலிருந்தும் படத்தை எடுத்து வந்ததில்லை. வாசலில் வெளிச்சத்தில் வைத்து, அந்த இடத்திலேயே ரீ-ஷாட், அதாவது படத்தையே படம் எடுத்துக்கொண்டு அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மேக்ரோ லென்ஸ் கூட வேண்டாம், குளோசப் ஃபில்டர் போதும். இரண்டு நிமிட வேலை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கொட்டகையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனபோது நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு படம்கூட என் பையில் வரவில்லை. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, ரீ-ஷாட் இன்னும் சுலபம். ஆனாலும் 'ஒரிஜினல் வாங்கிட்டு வா' என்று நிருபரை அனுப்பும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதே வருடம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. நாகப்பட்டினத்தில் இருந்தேன். மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் எடுத்த படங்களில் சில முதல் பக்கத்தில் வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உலகமே அங்கே வந்து எடுத்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியது வேறு. உடல்களை வைத்திருக்க வழியில்லாமல் அவசரமாகப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு அடையாளம் வேண்டுமே என்று உள்ளூர் ஸ்டுடியோ நண்பர் ஒருவர் புதைக்குமுன் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள். நான் இரண்டு நாள் அவரோடு சேர்ந்துகொண்டேன், பத்திரிகைக்குச் சொல்லாமல். சிலேட்டில் சாக்பீஸால் எண் எழுதிப் பக்கத்தில் வைப்போம். முகம் ஒன்று, கை ஒன்று. அந்தப் படங்களுக்குக் காம்போசிஷன் கிடையாது. மோதிரம் தெரிய வேண்டும், தாலி தெரிய வேண்டும், பச்சை குத்தியிருந்தால் அது தெரிய வேண்டும். லேப்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். பிரின்டுகளை அட்டையில் ஒட்டி வைத்தோம். ஜனங்கள் வந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். சில விரல்கள் ஓர் எண்ணில் நின்றுவிடும். நின்ற இடத்தில் நாங்கள் பென்சிலால் பெயர் எழுதுவோம். நான் 32 வருடத்தில் எடுத்தவற்றில் யாருக்காவது நேரடியாகப் பயன்பட்ட படங்கள் அவைதான். ஒன்றுகூட எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, வரவும் கூடாது.

அதே டிசம்பர் 28-ஆம் தேதி கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த வருடத்துக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது பெற்றது. மணலில் கைகளை விரித்துக் கவிழ்ந்து அழும் ஒரு பெண், ஓரத்தில் இறந்தவரின் கை. விருதுக் குறிப்பில் அவர் உறவினரை இழந்த ஒரு பெண், அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் பெயர் கேட்க மனுஷனுக்கு வாய் வராது, எனக்கும் வந்திருக்காது. அண்ணன் இதற்கும் ஒன்று சொல்லியிருந்தார். "அழும்போது கேக்காத. மறுநா போ." மறுநாள் போகிறவனுக்குப் பெட்ரோல் பில் பாஸ் ஆகுமா என்பதுதான் உங்களிடம் என் கேள்வி. என் காலத்தில் ஆகவில்லை. ஸ்பாட்டுக்குப் போனால் படி உண்டு, திரும்பிப் போனால் கிடையாது.

மறுநாள் போயும் பெயர் கிடைக்காத சமயங்கள் உண்டு. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த போபாலில் மண் மூடப்போகும் அந்தக் குழந்தையின் முகம். ரகு ராய் கருப்பு வெள்ளையில் எடுத்தார். பாப்லோ பார்த்தலோமியோ கலரில் எடுத்தது அந்த வருடத்துக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ ஆயிற்று. இரண்டு பெரிய புகைப்படக்காரர்கள் பக்கத்தில் நின்றும், உலகம் முழுக்கப் படம் சுற்றியும், இது எங்கள் பிள்ளை என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. சொல்ல வேண்டியவர்களே அந்த இரவில் போயிருக்கலாம். பெயர் தெரியாத குழந்தை என்றுதான் இன்றும் அந்தப் படத்தைச் சொல்கிறோம். 'தெரியாது' என்று எழுதுவதற்கும் 'கேட்கவில்லை' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் நோட்டுகளில் 'தெரியவில்லை, இரண்டு தரம் போனேன்' என்றும் சில வரிகள் உண்டு. அவையும் தகவல்தான்.

பெயர் பெயர் என்கிறானே, எல்லாப் பெயரையும் அச்சில் போடச் சொல்கிறானா என்று கேட்பீர்கள். இல்லை. தெரிந்துவைப்பது வேறு, போடுவது வேறு. தொண்ணூறுகளில் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். முகத்தை மறைத்துப் போட்டோம், பெயரும் போடவில்லை. நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். பின்னால் வீட்டுத் திண்ணையும் நீலக் கதவும் தெளிவாக விழுந்திருந்தன. சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு முகத்தையும் பெயரையும் மட்டும் சொல்லவில்லை. விலாசம், குடும்பம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் எதுவும் கூடாது என்கிறது. அப்படியிருந்தும் முகத்தில் மட்டும் மொசைக் போட்டுவிட்டு, யூனிஃபார்மை அப்படியே விடும் படங்களை இப்போதும் உங்கள் இணையதளங்களில் பார்க்கிறேன். என் அனுபவத்தில் ஒரு கிராமத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க முகம் தேவைப்படுவதே இல்லை. பாவாடை போதும், கதவு போதும், கூட நிற்கும் தாத்தா போதும்.

அடுத்து எடுத்தவரின் பெயர். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஓய்வுபெற்றவன் புலம்புகிறான் என்று படும். பட்டால் படட்டும். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-லேயே செய்திப் புகைப்படக்காரரையும் பத்திரிகையாளர் என்று எழுதிவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 57-ஆவது பிரிவு, படத்தின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், இதை எடுத்தது நான்தான் என்று சொல்லும் உரிமை எடுத்தவனை விட்டுப் போகாது என்கிறது. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்க காலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் வந்தன. பத்ம விபூஷண் கிடைத்தது 2011-ல், காலமாவதற்கு முந்தைய வருடம்.

1972 ஜூன் 8-ல் வியட்நாமில் நேபாம் தீயில் உடை கருகி ஓடிவந்த சிறுமியின் படம் இன்னொன்று. 50 வருடத்துக்கு மேலாக அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் நிக் உட் எடுத்தது என்றே அறியப்பட்டது. அதை எடுத்தது காசுக்குப் படம் கொடுத்த உள்ளூர் ஸ்டிரிங்கர் ஒருவர் என்று இப்போது பிரச்சினை கிளம்பி, 2025 மே மாதம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு நிக் உட் பெயரை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் மாற்றவில்லை. உண்மை எதுவாகவும் இருக்கட்டும். உலகத்தின் மிகப் பெரிய செய்தி நிறுவனம் ஒன்றிலேயே ஒரு ரோலின் மேல் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்பதில் இவ்வளவு தகராறு வருமென்றால், 'நமது நிருபர்' என்று 40 வருடம் போட்ட நம் கதி என்ன? உங்களுக்குப் படம் அனுப்பும் தாலுகா நிருபர்களும் ஸ்டுடியோக்காரர்களும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது இன்றைய பேப்பரில் தேடிப் பாருங்கள்.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஃபைலுக்குள்ளேயே கேப்ஷன், பெயர், ஊர் எல்லாம் எழுதிவைக்க இடம் உண்டு, படத்தை விட்டுப் பிரியாது. நானும் ஒவ்வொரு படத்திலும் எழுதினேன். ஆனால் 2003 முதல் 2010 வரை எடுத்ததையெல்லாம் சிடியில் போட்டுவைத்தார்கள். இப்போது அந்த சிடிகளில் பாதி திறப்பதில்லை. 1988 நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் தெரிகிறது, 2006-ல் எடுத்த படம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்கு வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது படத்தையும் சுருக்கி, உள்ளே எழுதிய பெயர்களையும் உதிர்த்துவிடுகிறது. அந்தக் காலத்தில் சீட்டைப் பிய்த்த வேலையை இப்போது அது செய்கிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே வரும். ஒரே ஒரு சுற்றறிக்கை போடுங்கள், செலவில்லாத காரியம். பழைய மங்கலான முகங்களை ஏஐ வைத்துத் துலக்குகிறார்களே, அதையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் முகம் துலங்கி வேறொருவர் ஆகியிருந்தது. பல்வரிசைகூட மாறிவிட்டது. அவருக்கு முன்பல் கிடையாது.

சாக்கு மூட்டைகளுக்கு வருகிறேன்.

பழைய பிலிமை வாங்குகிறவர்கள் அதில் இருக்கும் வெள்ளிக்காக வாங்குகிறார்கள். ஒரு மூட்டைக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது காடி வாடை அடித்தால் அந்த ரோல்களைத் தனியாக வையுங்கள், அது கூட இருப்பதையும் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். ஈரமும் சூடும்தான் எமன், சென்னையில் இரண்டும் தாராளம். மாடிப்படி அறையைவிட ஒரு இரும்பு பீரோவும் சிலிக்கா ஜெல்லும் எவ்வளவோ மேல். உங்களால் முடியாதென்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையோ கேட்டுப் பாருங்கள். பழைய தாளையும் படத்தையும் காப்பாற்றத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

உரிமை யாருக்கு என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்கும். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், சம்பளத்துக்கு எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை உங்களுக்கு, மற்ற வகையில் முதல் உரிமை எடுத்தவனுக்கு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. பிலிம் வாங்கிய காசு உங்களுடையது, நோட்டு வாங்கிய காசு என்னுடையது. இதை வைத்துக்கொண்டு வழக்காடும் வயது எனக்கில்லை, எண்ணமும் இல்லை. நோட்டுகளைச் சும்மாவே தருகிறேன். ஒரே நிபந்தனைதான். ஸ்கேன் செய்தாலும் செய்யாவிட்டாலும், எந்த ரோல் எங்கே போகிறதோ அதன் பக்கத்தின் நகல் கூடவே போக வேண்டும். போடக் கூடாத பெயர்கள் உள்ள பக்கங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன், அவற்றை மூடிவைக்க வேண்டும். என்னைப் போல நோட்டு வைத்திருக்கும் பழைய ஆட்கள் மதுரை, நெல்லை, கோவை என்று அங்கங்கே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே ஏழு பேர் இருந்தார்கள். இப்போது நான்கு பேர். ஒருவர் வீட்டில் நோட்டுகளைப் போகிக்கு எரித்துவிட்டார்கள்.

என் விலாசம் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறது. தீபாவளி மலர் இன்னும் அந்த விலாசத்துக்குத்தான் வருகிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் பிரஷர், சாயங்காலமானால் பென்சில் எழுத்து தெரிவதில்லை. அனுப்பும் தம்பியைக் காலையில் அனுப்புங்கள், பத்து மணிக்குள் என்றால் நல்லது. 1988, 1989 நோட்டுகளில் என் கையெழுத்து எனக்கே சில இடத்தில் புரிவதில்லை. அதை என் மனைவி படித்துச் சொல்வாள், அவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மூட்டைகளை மட்டும் அதுவரை யாரிடமும் எடைபோட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்திப் புகைப்படக்காரன்